தமிழ் வழியில் படிக்கும் பத்தாம் வகுப்பு மகள்: ஆங்கிலத்தில் சொந்தமாகப் பத்தி எழுத வைப்பது எப்படி?

மல்லிப்பந்தல்:

வணக்கம். மகள் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தில் ஒரு மதிப்பெண் கேள்வி, மனப்பாடச் செய்யுள் எல்லாம் எழுதிவிடுவாள். சொந்தமாக ஒரு பத்தி எழுது என்றால்தான் சிக்கல். டியூஷனில் டென்ஸ் பன்னிரண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அட்டவணையைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள், எழுதும்போது ஒன்றும் வருவதில்லை. செய்யுள் பகுதியில் ஃபிகர் ஆஃப் ஸ்பீச், ரைம் ஸ்கீம் கேட்டாலும் குத்துமதிப்புதான்.

வாரச் சந்தை பற்றி அவள் எழுதியது கீழே. என் போனில் தமிழ் கீபோர்டு மட்டும்தான் இருக்கிறது, அதனால் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"மை வில்லேஜ் ஹேவிங் ஒன் மார்க்கெட். எவ்ரி ட்யூஸ்டே மார்க்கெட் இஸ் கண்டக்டிங். மெனி பீப்பிள்ஸ் இஸ் கமிங் ஃப்ரம் நியர் வில்லேஜ். மை மதர் கோ டு மார்க்கெட் அண்ட் பை வெஜிடபிள்ஸ் அண்ட் கேம் டு ஹோம். லாஸ்ட் வீக் ஐ ஹேவ் கான் வித் ஹெர். ஆல்தோ ரெய்ன் கேம், பட் வீ ஆர் வெரி என்ஜாய்."

முழுஆண்டுத் தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்கலாம்?

சிவப்பு_மை:

மேடம், இந்தப் பத்தி நம்பிக்கை தருகிறது. சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொல்லியிருக்கிறாள், அதைப் பலர் செய்வதில்லை. தவறுகள் எல்லாமே தமிழில் சரியாக யோசித்து, ஆங்கிலச் சொல்லை அதன் மேல் வைத்ததால் வந்தவை. வரி வரியாகப் பார்ப்போம், ஏனென்றால் காரணம் தெரிந்தால்தான் அடுத்த பத்தியில் அதே தவறு வராது.

முதல் வரி. உடைமையைச் சொல்லும் 'ஹேவ்' ஐஎன்ஜி எடுக்காது. ஹேஸ், அவ்வளவுதான். நோ, லைக், வான்ட், பிலாங், அண்டர்ஸ்டாண்ட் ஆகியவையும் இப்படித்தான். 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' எல்லாம் இந்த வகைத் தவறு. அடுத்து 'ஒன் மார்க்கெட்'. தமிழில் எண்ணுக்கும் 'ஒரு'தான், பொதுவாகச் சொல்லவும் 'ஒரு'தான். ஆங்கிலத்தில் எண்ணிக்கையை அழுத்திச் சொன்னால் மட்டும் 'ஒன்'. மற்ற இடங்களில் 'எ'.

இரண்டாம் வரி. சந்தை எதையும் நடத்தவில்லை, அதை யாரோ நடத்துகிறார்கள். எனவே செயப்பாட்டு வினை: 'இஸ் ஹெல்ட்'. செயப்பாட்டு வினைக்கு இஸ் அல்லது ஆர், அதன் பின் வினையின் மூன்றாம் வடிவம் (கோ-வென்ட்-கான் என்ற மூன்றில் கடைசியாக வரும் 'கான்' போல).

மூன்றாம் வரியில்தான் பெரிய விஷயம் இருக்கிறது. 'வருகிறார்கள்' என்ற ஒரே தமிழ் வினை, வாராவாரம் வருவதற்கும் இப்போது வந்துகொண்டிருப்பதற்கும் பொருந்தும். ஆங்கிலம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. வழக்கமாக நடப்பது என்றால் 'கம்', இந்த நிமிடம் நடப்பது என்றால் 'ஆர் கமிங்'. 'எவ்ரி' என்ற சொல் வந்துவிட்டாலே பெரும்பாலும் ஐஎன்ஜி வேண்டாம் என்று பழக்குங்கள். கூடவே, 'பீப்பிள்' என்பதே பன்மை. அதற்கு எஸ் வேண்டாம், 'இஸ்'-ம் வராது.

நான்காம் வரி. 'அம்மா சந்தைக்குப் போய், காய்கறி வாங்கி, வீட்டுக்கு வருவார்' என்று தமிழில் சொல்கிறோம். போய், வாங்கி என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம், காலம் காட்டும் வேலையைக் கடைசி வினை பார்த்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் கோ, பை என்று மொட்டையாக எழுதிவிட்டு, கடைசியில் மட்டும் 'கேம்' என்று காலம் போட்டிருக்கிறாள். ஆங்கிலத்தில் இப்படி அடுக்கும் ஒவ்வொரு வினையும் தன் காலத்தைத் தானே காட்ட வேண்டும்: கோஸ், பைஸ், கம்ஸ். இறந்தகாலம் என்றால் மூன்றும் வென்ட், பாட், கேம். இன்னொன்று, 'ஹோம்' என்பதற்கு முன்னால் இங்கே 'டு' வராது.

ஐந்தாம் வரி. லாஸ்ட் வீக், எஸ்டர்டே, 2023-இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' கூடாது. 'ஐ வென்ட்'. 'போயிருக்கிறேன்' என்று நேரம் சொல்லாமல் சொல்லும்போதுதான் 'ஹேவ் பீன்'. நேற்றுச் சந்தைக்குப் போனதைச் சொல்லும்போது தமிழிலும் 'போனேன்' என்றுதானே சொல்கிறோம், 'நேற்றுப் போயிருக்கிறேன்' என்றா சொல்கிறோம்? அந்தக் காதையே இங்கேயும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

ஆறாம் வரி. ஆல்தோ வந்தால் பட் வராது. பிகாஸ் வந்தால் ஸோ வராது. இரண்டில் ஒன்று போதும். மழைக்கு ஆங்கிலத்தில் 'இட் ரெய்ன்ட்'. அந்த 'இட்' எதையும் குறிக்காது, எழுவாய் இடம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக நிற்கிறது. 'வீ ஆர் என்ஜாய்' என்பதில் ஆர் ஒட்டாது. 'என்ஜாய்ட்' என்று போட்டு, எதை அனுபவித்தோம் என்றும் சொல்ல வேண்டும்.

திருத்திய பத்தி:

"மை வில்லேஜ் ஹேஸ் எ வீக்லி மார்க்கெட். இட் இஸ் ஹெல்ட் எவ்ரி ட்யூஸ்டே. மெனி பீப்பிள் கம் ஃப்ரம் நியர்பை வில்லேஜஸ். மை மதர் கோஸ் டு தி மார்க்கெட், பைஸ் வெஜிடபிள்ஸ் அண்ட் கம்ஸ் ஹோம். லாஸ்ட் வீக் ஐ வென்ட் வித் ஹெர். ஆல்தோ இட் ரெய்ன்ட், வீ என்ஜாய்ட் தி விசிட்."

அவள் எழுதிய விஷயம் ஒன்றையும் நான் மாற்றவில்லை, பாருங்கள். சொல்லும் பெரும்பாலும் அவளுடையதுதான்.

நாற்பது_பக்க_நோட்டு:

பன்னிரண்டு டென்ஸ் அட்டவணையை மூடி வைத்துவிடுங்கள். பத்தாம் வகுப்புப் பத்திக்கு ஐந்து போதும்: சிம்பிள் பிரசென்ட், சிம்பிள் பாஸ்ட், வில், பிரசென்ட் கன்டினியூவஸ், பிரசென்ட் பெர்ஃபெக்ட். அதிலும் முதல் இரண்டை வைத்தே முக்கால்வாசிப் பத்தி எழுதிவிடலாம். அட்டவணையை ஒப்பிக்கிற பிள்ளை எழுத முடியாமல் நிற்பதற்குக் காரணம், அட்டவணையில் எல்லாக் கட்டமும் ஒரே அளவில் இருக்கிறது. எது அன்றாடம் வரும், எது அபூர்வம் என்று அது சொல்வதில்லை.

அட்டவணைக்குப் பதிலாக மூன்று விதிகள்:

இஸ், ஆம், ஆர், வாஸ், வேர் வந்தால், அதன் பின் வரும் வினை ஐஎன்ஜி அல்லது மூன்றாம் வடிவம்.
ஹேவ், ஹேஸ், ஹேட் வந்து, அதன் பின் இன்னொரு வினையும் வந்தால் அது மூன்றாம் வடிவம் மட்டும்.
டு (டஸ், டிட் ஆகியவற்றின் முதல் வடிவம்), டஸ், டிட், வில், கேன், மஸ்ட் வந்தால் வினையின் முதல் வடிவம், எதுவும் ஒட்டாமல்.

'வீ ஆர் என்ஜாய்', 'ஐ ஆம் அக்ரீ' இரண்டும் முதல் விதியில் மாட்டும். 'டஸ் ஹி கோஸ்', 'டிட் நாட் வென்ட்' இரண்டும் மூன்றாம் விதியில் மாட்டும். டஸ் வந்ததும் எஸ்ஸை அது எடுத்துக்கொண்டது, டிட் வந்ததும் இறந்தகாலத்தை அது எடுத்துக்கொண்டது. வினையிடம் மறுபடி கேட்கக் கூடாது.

மூன்று வடிவங்களை அகர வரிசையில் முந்நூறு என்று மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. ஒலியை வைத்துக் கூட்டம் கூட்டமாகப் பிரியுங்கள். கட், புட், ஹிட், ஷட்: மூன்று வடிவமும் ஒன்றே. பிரிங், பை, திங்க், கேட்ச், டீச்: எல்லாம் 'ஆட்' ஓசையில் முடியும், இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றே. சிங், ரிங், டிரிங்க், ஸ்விம், பிகின்: சாங் அல்ல, சேங்-சங் என்று மாறும். ஸ்பீக், பிரேக், ஸ்டீல்: ஸ்போக்-ஸ்போக்கன். வாரம் ஒரு கூட்டம், ஒவ்வொரு வினைக்கும் ஒரு சொந்த வாக்கியம். அறுபது வினை தெரிந்தால் பரீட்சைக்குத் தாராளம்.

எஸ் சேர்ப்பதில் எழுத்துப்பிழை வரும் இடங்கள்: கோ, வாட்ச், வாஷ், ஃபிக்ஸ் ஆகியவற்றுக்கு இஎஸ். கேரி, ஸ்டடி போல ஒய்யில் முடிந்து அதற்கு முன் மெய் இருந்தால், ஒய் போய் ஐஇஎஸ். பிளே, பை போல ஒய்க்கு முன் உயிர் இருந்தால் வெறும் எஸ்.

பாதி இலக்கணம் முடியட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருக்க வேண்டாம். தினமும் ஐந்து வாக்கியம். வாரக் கடைசியில் ஒரு பத்தி. திருத்தும்போது ஒரு வாரத்துக்கு ஒரு வகைத் தவறைத்தான் திருத்த வேண்டும். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை எதையும் பார்க்காது.

மல்லிப்பந்தல்:

ரொம்ப நன்றி. இவ்வளவு நாளும் கவனக்குறைவு என்று திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு சந்தேகம். சந்தைக்கு முன்னால் முதலில் 'எ', பிறகு 'தி' என்று மாற்றியிருக்கிறீர்கள், அது எப்படி? பத்தியை எப்படித் தொடங்குவது, எத்தனை வரி? தமிழில் எழுதிக்கொண்டு மொழிபெயர்க்கலாமா?

நாற்பது_பக்க_நோட்டு:

முதல்முறை அறிமுகப்படுத்தும்போது எ. படிப்பவருக்கு எது என்று தெரிந்த பிறகு தி. 'எந்தச் சந்தை?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் ஏற்கெனவே பத்தியில் இருந்தால் தி, இல்லாவிட்டால் எ. சூரியன், சந்திரன் போல ஒன்றே ஒன்றுதான் என்றால் தொடக்கத்திலேயே தி. ஆறு, கடல் பெயர்களுக்கும் தி: தி காவேரி, தி பே ஆஃப் பெங்கால். ஆள் பெயர், ஊர்ப் பெயருக்கு எதுவும் வேண்டாம்.

எ, ஆன் விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஒரு மரம், ஓர் ஊர் என்று நமக்கே இந்த வழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும், அதற்குச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்த்தால் போதும். யுனிவர்சிட்டி யகரத்தில் தொடங்குகிறது, எனவே எ. எம்எல்ஏ எகரத்தில் தொடங்குகிறது, எனவே ஆன். மணி நேரத்தைக் குறிக்கும் 'அவர்' அகரத்தில் தொடங்குகிறது, எழுதும்போது எச் இருந்தாலும் ஆன். ஒன்று என்பது உச்சரிப்பில் 'வன்', எனவே எ ஒன்-ருப்பி காயின். எச்சரிக்கை: நம் பக்கம் பேச்சில் எக் என்பதை 'யெக்' என்றும், ஆபீஸை 'வாபீஸ்' என்றும் சொல்லும் பழக்கம் உண்டு. அப்படிச் சொல்லிப் பார்த்தால் இந்தச் சோதனை கவிழ்ந்துவிடும்.

சிவப்பு_மை:

பத்தி அமைப்புக்கு வருகிறேன். எட்டு முதல் பத்து வாக்கியம், 100 சொல் அளவு. ஒரு வாக்கியத்துக்கு 12 சொல்லுக்கு மேல் வேண்டாம். தமிழில் ஒரு வாக்கியம் ஐந்து வரி ஓடினாலும் வினை கடைசியில் வந்து தாங்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும், இடையில் நீண்டால் தொடக்கநிலைப் பிள்ளை வினையையே மறந்துவிடும்.

முதல் வாக்கியம் பத்தி எதைப் பற்றி என்று சொல்ல வேண்டும். 'இன் திஸ் பேராகிராஃப் ஐ ஆம் கோயிங் டு டெல் அபவுட்' என்று தொடங்குவது ஒரு வரியை வீணாக்குவது. 'மை வில்லேஜ் ஹேஸ் எ வீக்லி மார்க்கெட்' என்ற அவளுடைய தொடக்கம் நல்ல தொடக்கம். அடுத்து ஐந்தாறு வாக்கியங்கள் அதற்கு விவரம் தர வேண்டும். அவள் பத்தியில் குறை இருப்பது இங்கேதான். என்ன விற்கும், எத்தனை மணிக்குக் கூடும், எந்தக் கடையில் கூட்டம், எதுவும் இல்லை. கத்தரிக்காய், கருவாடு, பனை ஓலைப் பெட்டி என்று மூன்று பொருளைப் பெயர் சொல்லி எழுதினாலே பத்தி உயிர்பெறும். பெயர் தெரியாவிட்டால் அகராதி இருக்கிறது.

மொழிபெயர்ப்பு பற்றி: முழு வாக்கியத்தைத் தமிழில் எழுதிவிட்டு மாற்றக் கூடாது, அப்படிச் செய்தால் மேலே பார்த்த ஆறு தவறும் திரும்ப வரும். எங்கே, எப்போது, யார், என்ன என்று குறிப்புச் சொற்களை மட்டும் தமிழில் ஓரத்தில் எழுதட்டும். அவற்றுக்கு எண் போட்டு வரிசைப்படுத்தட்டும். பிறகு ஒவ்வொரு குறிப்புக்கும் 'யார், என்ன செய்கிறார், எதை, எங்கே, எப்போது' என்ற வரிசையில் ஆங்கில வாக்கியம்.

இணைப்புச் சொற்களில் மோர்ஓவர், ஃபர்தர்மோர், நெவர்தெலெஸ் மூன்றையும் தடை செய்துவிடுங்கள். கைடுகளில் இருக்கிறது என்று எல்லா வரியிலும் தூவிவிடுகிறார்கள். ஃபர்ஸ்ட், தென், ஆல்ஸோ, பட், ஸோ, பிகாஸ் போதும். 'பிகாஸ் இட் வாஸ் ரெய்னிங்.' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் அது பாதி வாக்கியம்தான். அதன் மறுபாதியும் அதே வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் பேனாவை மாற்றி மூன்று தடவை படிக்க வேண்டும். முதல் தடவை வினைகளை மட்டும் அடிக்கோடிட்டு, ஒருமையா பன்மையா, காலம் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அடுத்த தடவை பெயர்ச்சொற்கள்: முன்னால் எ, தி வேண்டுமா, பின்னால் எஸ் வேண்டுமா. அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ், ஹோம்வொர்க் ஆகியவற்றுக்கு எஸ் கிடையாது. 'ஒன் ஆஃப் மை' வந்தால் அடுத்து ஃபிரெண்ட்ஸ் என்று பன்மை, ஆனால் வினை ஒருமை. மூன்றாம் தடவை பெரிய எழுத்து, முற்றுப்புள்ளி. எல்லாவற்றையும் ஒரே தடவையில் தேடினால் கண் எதையும் பிடிக்காது.

பாடத்திலிருந்து வரும் ஐந்து மதிப்பெண் பத்திக்கும் இதே முறைதான். முதல் வரியில் பாடத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் வர வேண்டும். கதையை இறந்தகாலத்தில் தொடங்கினால் கடைசி வரை இறந்தகாலம். நடுவில் தாவுவதுதான் அதிகம் பார்க்கும் பிழை.

யாப்பும்_அணியும்:

செய்யுள் பகுதிக்கு நான். தமிழ்ப் பாடத்தில் அணி படித்த பிள்ளைக்கு இது புதிதே இல்லை, பெயர்கள்தான் புதிது. மதிமுகம் என்றால் உவமை, முகமதி என்றால் உருவகம் என்று படித்திருப்பாள். முகம் நிலவு போல என்றால் சிமிலி, முகமே நிலவு என்றால் மெட்டஃபர். லைக் அல்லது ஆஸ் இருந்தால் சிமிலி என்று மட்டும் சொல்லிக்கொடுப்பதால்தான் தவறு நடக்கிறது. 'ஷி லைக்ஸ் ரோஸஸ்' என்பதில் உள்ள லைக் விருப்பத்தைச் சொல்கிறது. 'ஹி இஸ் ஆஸ் டால் ஆஸ் ஹிஸ் ஃபாதர்' என்பதில் ஆஸ் இருக்கிறது, ஆனால் ஆளை ஆளோடு அளந்து பார்ப்பது வெறும் ஒப்பீடு. வேறு வேறு வகைப் பொருள்கள் இரண்டு இருந்தால்தான் சிமிலி.

பெர்சானிஃபிகேஷனுக்கு ஒரு சோதனை: அஃறிணைப் பொருள் உயர்திணையின் வேலையைச் செய்கிறதா? காற்று முணுமுணுத்தால் ஆம். காற்று வீசினால் இல்லை.

அலிட்டரேஷன் நம் மோனைக்கு உறவு, ஆனால் அங்கே எழுத்து ஏமாற்றும். சிட்டி, பூனையைக் குறிக்கும் கேட் இரண்டும் ஆங்கிலத்தில் சி எழுத்தில் தொடங்குகின்றன, மோனை இல்லை. கேட்டும் கிங்கும் வேறு எழுத்து, மோனை உண்டு. நைட் என்ற வீரனும் நைன் என்ற எண்ணும் சேரும், ஏனென்றால் முன்னதில் உள்ள கே ஒலிக்காது. மேலே எ, ஆன் பற்றிச் சொன்ன உத்தி இங்கேயும் உதவும், தமிழில் எழுதினால் ஒலி வெளியே வந்துவிடும்.

ரைம் நம் இயைபு. வரியின் கடைசிச் சொல்லை மட்டும் வட்டமிட வேண்டும், வாய்விட்டுப் படிக்க வேண்டும். முதல் சொல்லுக்கு ஏ. இரண்டாவது அதோடு ஒலித்தால் மறுபடி ஏ, இல்லாவிட்டால் பி. இப்படியே போக வேண்டும். ஸ்கை, ட்ரீ, ஹை, சீ என்று முடிந்தால் ஏ-பி-ஏ-பி. பிளட், ஃபூட் இரண்டிலும் இரட்டை ஓ இருக்கிறது, ஆனால் ரைம் இல்லை. அதே சமயம் ஸ்கை, ஹை, எழுத்து வேறு, ரைம் சரி. ஒவ்வொரு நான்கு வரிக்கும் ஏயிலிருந்து மறுபடி தொடங்குவதா என்பது கேள்வியைப் பொறுத்தது. அந்த நான்கு வரியை மட்டும் கொடுத்துக் கேட்டால் ஏயிலிருந்து, முழுக் கவிதை என்றால் தொடர்ந்து.

வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சானட் 14 வரி. ஷேக்ஸ்பியர் வகையில் நான்கு நான்கு வரியாக மூன்று, கடைசியில் இரண்டு வரி ஜோடி. ரைம் ஏ-பி-ஏ-பி, சி-டி-சி-டி, இ-எஃப்-இ-எஃப், ஜி-ஜி. இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் வகையில் எட்டு வரியும் ஆறு வரியுமாகப் பிரியும். பேலட் கதை சொல்லும் பாட்டு, பெரும்பாலும் நான்கு வரியில் இரண்டாவதும் நான்காவதும் ரைம். லிமெரிக் ஐந்து வரி வேடிக்கை, ஏ-ஏ-பி-பி-ஏ. எலிஜி இரங்கற்பா. பிளாங்க் வெர்ஸ், ஃப்ரீ வெர்ஸ் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்: முன்னதற்கு ரைம் இல்லை, ஆனால் தாளக்கட்டு உண்டு. பின்னதற்குக் கட்டாயமான ரைமும் இல்லை, தாளக்கட்டும் இல்லை, நம் புதுக்கவிதை மாதிரி.

மல்லிப்பந்தல்:

இன்று இரவே அவளோடு உட்கார்கிறேன். கடைசியாக ஒன்று. போனில் இலக்கணம் திருத்தும் ஆப் போடலாமா என்கிறாள். போடலாமா?

நாற்பது_பக்க_நோட்டு:

முதலில் தாளில் எழுதி, மூன்று தடவை படித்துத் திருத்திய பிறகு போடலாம். ஆப் மாற்றிக் காட்டும் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரே சொல்லில் எழுத வேண்டும்: காலம், பன்மை, ஆர்ட்டிக்கிள் (எ, ஆன், தி). எழுத முடியாவிட்டால் அது அடுத்த வாரப் பாடம். ஃப்ரம்-ஃபார்ம், குவையட்-குவைட் மாதிரி சரியான ஸ்பெல்லிங்கில் தவறான சொல் விழுந்தால் ஆப் சில நேரம் கண்டுகொள்ளாது, அதை அவள் கண்தான் பிடிக்க வேண்டும்.

சிவப்பு_மை:

வாக்கியத்தை முழுசாக மாற்றி எழுதித் தரும் பொத்தான் இருந்தால் அதை மட்டும் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த பத்தியை இங்கே போடுங்கள், இதே சந்தையையே எழுதட்டும், மூன்று பொருள் பெயரோடு.